ஹீட்டருக்குள் ஒரு துண்டு ஒயர்

கேரவனின் வெளிப்பக்கத்தில், பின்சக்கரத்துக்குச் சற்று மேலே, வெந்நீர் ஹீட்டரின் தகரக் கதவு இருந்தது. அவள் அதை இழுத்துத் திறந்தபோது விளிம்பில் உறைந்திருந்த பனி பொடியாக உதிர்ந்து ஷூவின்மேல் விழுந்தது.

மதியத்துக்குமேல் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு அம்மா வருவார். நோயாளியை வீட்டுக்கு அனுப்பலாமா கூடாதா என்று வீட்டை நேரில் பார்த்துச் சொல்வதுதான் அவர் வேலை. அதற்குள் ஹீட்டரின் சூட்டைக் கட்டுப்படுத்தும், கெட்டுப்போன தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் புதியதை மாட்டியாக வேண்டும். அந்த அம்மா தலையசைத்தால் அண்ணன் வீட்டுக்கு வருவான். இல்லையென்றால் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஊருக்கு வெளியே இருக்கும் பராமரிப்பு இல்லத்துக்குப் போவான். அங்கே போய்த் திரும்பி வந்தவர்கள் என்று வார்டில் யாரும் யாரையும் சொல்லிக் கேட்டதில்லை.

கேரவனை வீடு என்று சொல்ல அவளுக்கே சில சமயம் கூச்சமாக இருக்கும். முன்னால் ஸ்டியரிங், பின்னால் கட்டில், நடுவில் அடுப்பும் குளியலறையும். அண்ணன் லாரி ஓட்டிய காலத்தில் பழசாக, குறைந்த விலைக்கு வாங்கிப் போட்டது. "இனி வாடகை வீடெல்லாம் கிடையாது பாப்பா, எந்த ஊரு புடிக்குதோ அந்த ஊர்ல காலையில முழிப்போம்" என்பான். லாரி கவிழ்ந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போன பிறகு, அவன் காலையில் விழிப்பது எப்போதும் ஒரே ஊரில்தான். டயர் கிடங்குக்குப் பின்னாலிருந்த வாடகைத் திடலில், அதைப் போன்ற வேறு வண்டிகளுக்கு நடுவே, கேரவன் நின்றது நின்றதுதான். சக்கரங்களைச் சுற்றிப் புல் முளைத்துக் காய்ந்து மறுபடியும் முளைத்தது. ஸ்டியரிங்கில் அவள் துணி உலர்த்தினாள்.

அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போகும்படி ஆனது போன வாரம். வேலையிலிருந்து வந்ததும் அண்ணனின் கால்களை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, துடைத்து, எங்காவது புண் கிளம்பியிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அசையாத கால்களை அப்படித்தான் காப்பாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றும் தொட்டியை நிரப்பினாள். விரல் நுனிகளை விட்டுப் பார்த்தாள். சரியாக இருப்பதாகத்தான் பட்டது. ஆவி பறந்தது, ஆனால் அந்தக் குளிரில் மூச்சு விட்டால்கூட ஆவிதான். கால்களைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அண்ணன் ஜன்னல் வழியாக யாரையோ கேலி செய்துகொண்டிருந்தான். திரும்பி வந்து, கால்களை வெளியே எடுத்து, துண்டால் ஒற்றியபோது தோல் துண்டோடு வந்தது.

அவன் அப்போதும் கத்தவில்லை. கத்தியது அவள்தான்.

மறுநாள் இரண்டு கால்களிலும் கட்டோடு படுத்துக்கொண்டு அவன் சிரிக்கப் பார்த்தான். "கால் வெந்தது எனக்குத் தெரியாது, சரி. என் பக்கம் கரண்ட் கட்டு. உனக்குமா பாப்பா தெரியல?"

"ஹீட்டர் கெட்டுப்போச்சுண்ணா" என்றாள்.

அது பொய்யில்லை. ஆனால் அவன் கேட்டதற்கு அது பதிலும் இல்லை. அவள் வேலை செய்தது உறைந்த இறைச்சியைப் பெட்டியில் அடுக்கும் கிடங்கில். போன குளிர்காலத்தில் விரல் நுனிகள் வெள்ளைவெளேரென்று ஆயின. பிறகு நிறம் திரும்பியது, உணர்ச்சி திரும்பவில்லை. இப்போதெல்லாம் விரல்கள் என்ன செய்கின்றன என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும். கண்ணை எடுத்தால் கையில் இருப்பது கீழே கிடக்கும். சூடும் குளிரும் அவளுக்கு மணிக்கட்டில்தான் தொடங்கின. கிடங்கில் தெரிந்தால் வேலை போய்விடும் என்று அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை. அன்று அவள் விரல்களிலும் கொப்புளம் கிளம்பியிருந்தது. அவன் கால்களை வெளியே இழுத்தபோது பட்டது என்று டாக்டரிடம் சொன்னாள்.

"தள்ளு தள்ளு, நான் பாக்கறேன்."

அடுத்த வண்டியிலிருந்து டேப்பண்ணன் வந்துகொண்டிருந்தார். ஒழுகும் கூரை, விரிசல் விட்ட கண்ணாடி, அறுந்த செருப்பு எல்லாவற்றையும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் சரிசெய்வதால் திடலில் எல்லோருக்கும் அவர் டேப்பண்ணன்தான். பெண்டாட்டியை மட்டும் ஒட்டி வைக்க முடியவில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். தினமும் காலையில் அண்ணனைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தூக்கி வைப்பது அவர்தான்.

"வேணாம்ணே. நீங்க பக்கத்துல நின்னு சொல்லுங்க, நான் செய்றேன். அந்தம்மா யார் மாத்தினதுன்னு கேட்டா நான்தான்னு சொல்லணும்."

"உனக்கு எதுக்கும்மா இந்தத் தலைவலி? குளிர்ல நிக்காத. உள்ள போ. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிச்சிடறேன்."

"நான்தான் செய்யணும்."

அவர் காதைச் சொறிந்துகொண்டு நின்றார். "சரிங்க டாக்டர். ஆபரேஷனை ஆரம்பிங்க. உள்ள சுவிட்சை அணைச்சாச்சா? கேஸை மூடியாச்சா?"

"ஆச்சு."

ரப்பர் மூடியைப் பிரித்தாள். ஹீட்டர் தொட்டியின் உடம்போடு ஒட்டி, சோடா பாட்டில் மூடி அளவில் இரண்டு வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒயர் செருகும் நாக்குகள். அவள் ஸ்க்ரூ டிரைவரை வைத்த இடம் தவறி, வழுக்கி, அது தரையில் விழுந்தது. எடுத்தாள். மறுபடி விழுந்தது.

"என்ன தங்கச்சி, கையில வெண்ணெயா தடவியிருக்க?"

"குளிருண்ணே."

"குளிரு எல்லாருக்கும்தான்" என்றார் அவர். ஆனால் குரலில் கேலி பாதிதான் இருந்தது. அவர் கண்கள் அவள் கையைப் பார்க்கவில்லை; ஹீட்டரின் உட்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

"இதுல எதுண்ணே தெர்மோஸ்டாட்?"

"கீழ இருக்கறது. ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி. தண்ணி போதுமான அளவு சுட்டதும் தம்பிக்காரன் நெருப்பை அணைச்சிடுவான். அவன் தூங்கிட்டான்னு வெச்சுக்க, தண்ணி கொதிக்கறதுக்கு முன்னாடி மேல இருக்கற அண்ணன்காரன் எழுந்து மொத்தத்தையும் நிறுத்துவான். அப்பதான் அந்தச் சிவப்புப் பொத்தான் வெளிய வந்து நிக்கும். நீ வந்து அமுக்குற வரைக்கும்…"

அவர் நிறுத்திக்கொண்டார்.

அந்தப் பொத்தானை அவளுக்கு நன்றாகத் தெரியும். குளிர் தொடங்கியதிலிருந்து வேலை முடிந்து வந்தால் ஹீட்டர் நின்றிருக்கும். மறுபடி ஷூவை மாட்டிக்கொண்டு, டார்ச்சோடு வெளியே வந்து, அதை அமுக்குவாள். பிறகு திடீரென்று ஒரு நாள் முதல் ஹீட்டர் நிற்கவேயில்லை. தானாகச் சரியாகிவிட்டது என்று நினைத்து மகிழ்ந்திருந்தாள்.

"அப்ப போன வாரம் அண்ணன்காரன் ஏன் எழுந்திருக்கலண்ணே?"

டேப்பண்ணன் ஓரடி பின்னால் நகர்ந்தார். அவள் குனிந்து பார்த்தாள். மேல் வட்டத்தின் ஒரு நாக்கிலிருந்து மறு நாக்குக்கு விரலளவு ஒயர் ஒன்று வளைந்து போயிருந்தது. இரண்டு முனைகளிலும் கறுப்பு டேப், ஒரு சுருக்கமும் இல்லாமல், அழகாகச் சுற்றப்பட்டிருந்தது. அப்படிச் சுற்றத் தெரிந்தவர் திடலில் ஒருவர்தான்.

"எனக்கு நீ சாப்பாட்டுல விஷம் வெச்சாலும் தகும்" என்றார் அவர். "அண்ணன்காரனை ஒதுக்கிட்டு கரண்ட்டு நேரா போற மாதிரி பண்ணேன். பிள்ளையார் பிடிக்கப்போய் குரங்கா முடிஞ்சிடுச்சு."

"ஏன்ணே?"

"உங்கண்ணனையே கேளு."

அவள் போனை எடுத்தாள். எண்களைத் தொட்டால் திரை சில சமயம் கேட்காது. அவள் விரல் மூட்டால் அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள். வார்டின் இரைச்சலுக்கு நடுவே அண்ணனின் குரல் வந்தது. "என்ன பாப்பா, வீட்டுக்கு வெள்ளையடிச்சாச்சா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்ற மாதிரி பண்ணிட்டிருக்க போல."

"ஹீட்டருக்குள்ள ஒயர் இருக்குண்ணா."

அண்ணனின் குரல் தாழ்ந்தது.

"டேப்பு பக்கத்துல இருக்கானா?"

"இருக்கேன்டா" என்றார் டேப்பண்ணன், போனைப் பார்த்தல்ல, தரையைப் பார்த்து.

"அவனைத் திட்டாத. நான்தான் சொன்னேன். நீ ராவும் பகலும் ஐஸ்ல நின்னுட்டு வர்ற. ஷூவைக் கழட்டி ஒரு நிமிஷம் உக்காருவ. ஹீட்டர் நின்னிருக்கும். திரும்ப வெளிய போவ. நான் ஜன்னல்ல பாத்துக்கிட்டே கிடப்பேன். ஒரு பொத்தானை அமுக்க உனக்கு எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? உன் கை அங்கயே தடவிக்கிட்டே இருக்கும். குளிர்ல விறைச்சுப்போச்சுன்னு நினைப்பேன். எழுந்து வந்து நானே அமுக்கணும் போல இருக்கும். அதான் இவன்கிட்ட சொன்னேன், அந்தப் பொத்தானே வெளிய வராம பண்ணுடான்னு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா விட்டிருப்பியா?"

அவள் தகரக் கதவில் சாய்ந்து நின்றாள். அதன் குளிர் கோட்டைத் தாண்டித் தோளுக்கு வந்தது. தோளுக்கு எல்லாம் தெரிந்தது.

"இங்க பாரு பாப்பா. அந்தம்மாகிட்ட ஒயரைப் பத்தி மூச்சு விடாத. சொன்னா என்னைப் பைத்தியக்காரன்னு இல்லத்துல போட்டுடுவாங்க, டேப்பைத் திடலை விட்டு விரட்டுவாங்க. எடுத்துத் தூரப் போட்டுட்டு வேலையைப் பாரு."

எடுத்தாள். வேலையைப் பார்த்தாள். கீழ் வட்டத்தின் ஒயர்களை உருவி, கவ்வியிருந்த தகட்டைத் தளர்த்தி, பழைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றினாள். டேப்பண்ணன் அதைக் கரண்ட் ஓடுகிறதா என்று காட்டும் மீட்டரில் வைத்துப் பார்த்தார். லைட்டரின் சுடரை அருகில் காட்டினார். எவ்வளவு சுட்டும் முள் நகரவில்லை. உள்ளே இரண்டு தகடுகளும் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும் என்றார். தூங்கியிருக்கவில்லை, செத்துப்போயிருந்தது. தொட்டியின் உடம்பைத் துரு போகத் தேய்த்தாள். புதியதைப் பதித்துத் திருகினாள். ஒவ்வொரு திருகாணியையும் கண்ணால் பிடித்து, கண்ணால் செருகி, கண்ணால் முடுக்கினாள். மேல் வட்டத்துக்கும் அதன் ஒயர்களைத் திரும்பக் கொடுத்தாள். அவர் கேஸைத் திறந்து சுவிட்சைப் போட்டார். சுடர் பற்றி ஊதும் ஓசை வந்தது. தண்ணீர் சுட நேரம் பிடித்தது. பிறகு உள்ளே எங்கோ மெல்லிய சத்தம் ஒன்று கேட்டு, சுடர் அடங்கியது.

டேப்பண்ணன் குழாயில் கையைக் காட்டிப் பார்த்தார். "இதமா இருக்கு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அந்த அம்மா சொன்ன நேரத்துக்கே வந்தார். குழந்தை தூங்கும் வீட்டுக்குள் நுழைபவரைப் போல ஷூவைக் கழற்றிவிட்டு மெதுவாக ஏறினார். கட்டிலின் உயரத்தைப் பார்த்தார். குளியலறைக் கதவில் நாற்காலி நுழையுமா என்று அளவு நாடாவால் அளந்தார். ஸ்டியரிங்கில் காய்ந்த சட்டையைப் பார்த்துப் புன்னகைத்தார். அவள் எதிர்பார்த்துப் பயந்திருந்த முகம் அதுவல்ல.

"ஹீட்டர்ல என்னதான் பிரச்சினை?"

"தெர்மோஸ்டாட் போயிருந்தது மேடம். மாத்திட்டேன்."

"அது போனா நிறுத்தறதுக்கு இன்னொன்னு இருக்கும்னு சொல்வாங்களே?"

அவள் வாயைத் திறப்பதற்குள் வாசற்படியில் நின்றிருந்த டேப்பண்ணன் முந்திக்கொண்டார். "அது நம்ம கைவரிசை மேடம். அடிக்கடி நிக்குதுன்னு ஒயரைப் போட்டு அதோட வாயை மூடிட்டேன். இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. எடுத்தாச்சு. என்னைத் தூக்குல போடறதுன்னா போடுங்க, அவனை மட்டும் வீட்டுக்கு விடுங்க."

அந்த அம்மா அவரை நீண்ட நேரம் பார்த்தார்.

"எடுத்தாச்சில்ல? இனிமே எதோட வாயையும் மூடாதீங்க" என்றார் அந்த அம்மா, கடைசியில். "உண்மையைச் சொன்னதுக்குச் சந்தோஷம். பாதிப் பேர் சொல்றதில்ல." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "இடம் சின்னதுதான். ஆனா சுத்தமா இருக்கு, ஆள் உதவி இருக்கு. எனக்குத் திருப்தி. காலை எப்படி ஊறவைப்பீங்கன்னு ஒரு தடவை செஞ்சு காட்டிடுங்க. அப்புறம் நான் கிளம்பறேன்."

அவளுக்குக் கால்கள் தரையில் பாவவில்லை. கட்டிலில் துண்டை விரித்தாள். தலையணையை நாற்காலியில் வைத்து, அண்ணன் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, அதன் முன்னால் இடம் ஒழித்தாள். அவள் இதில் மும்முரமாக இருக்கும்போது டேப்பண்ணன் ஓடிப்போய்த் தொட்டியைப் பாதி நிரப்பிக்கொண்டு வந்து வைத்தார். அவள் மண்டியிட்டாள். விரல் நுனிகளைத் தண்ணீருக்குள் விட்டாள். வழக்கம்போல் கொஞ்சம் துழாவினாள்.

"சரியா இருக்கு மேடம். வெதுவெதுன்னு. இப்படித்தான் பாத்துட்டு வைப்பேன்."

அவள் நிமிர்ந்தாள். டேப்பண்ணனின் முகம் வெளிறியிருந்தது.

"தங்கச்சி" என்றார். "அது பச்சைத்தண்ணி. வெந்நீர் அப்புறம் கலந்துக்கலாம்னு… பாதி பச்சைத்தண்ணிதான் விட்டேன்."

அந்த அம்மா குனிந்து தன் கையை உள்ளே விட்டார். வெடுக்கென்று எடுத்தார். இரவெல்லாம் குழாயில் சில்லிட்டுக் கிடந்த தண்ணீர். பிறகு அவளுடைய கையை எடுத்து, உள்ளங்கை மேலே தெரியும்படி திருப்பினார். கொப்புளங்கள் உடைந்து காய்ந்திருந்த நுனிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் அழுத்துகிறாரா என்று அவள் கண்ணால்தான் தெரிந்துகொண்டாள்.

"எங்க வேலை பாக்கறீங்க?"

சொன்னாள்.

"இது ஆஸ்பத்திரியில யாருக்கும் தெரியாதா? உங்க அண்ணனுக்கு?"

"தெர்மாமீட்டர் வாங்கிக்கறேன் மேடம். முழங்கையால பாக்கறேன். இனிமே…"

"தண்ணி மட்டும்னா நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்" என்றார் அந்த அம்மா. அவர் குரல் இன்னும் மென்மையாகத்தான் இருந்தது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "அவருக்கு இனிமே தினமும் கட்டு மாத்தணும். கட்டு இறுகியிருக்கா, புண்ணு சுடுதா, உள்ள ஈரம் கசியுதான்னு கைதான் பாக்கணும். கண்ணால பாத்துத் தெரியறப்ப காலம் கடந்திருக்கும். அவருக்குத் தெரியாது. உங்களுக்காவது தெரியணும்."

"நான் பாக்கறேன் மேடம்" என்றார் டேப்பண்ணன்.

"புண்ணுக்கு டேப் ஒட்டறதா அண்ணே?" என்று அவள் கேட்டாள். ஏன் அப்படிக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு கீழே இறங்கிப் போனார்.

அந்த அம்மா ஷூவை மாட்டிக்கொள்ளும்போது, அவளும் டாக்டரைப் பார்க்க வேண்டும், இதைத் தள்ளிப்போடக் கூடாது என்று சொல்லி, ஒரு எண்ணைக் கொடுத்தார். இல்லம் மோசமில்லை என்றும் சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பின்சக்கரத்துக்கு மேலே ஹீட்டர் தானாகப் பற்றிக்கொண்டு, தண்ணீரைச் சரியான சூட்டுக்குக் கொண்டுவந்து, தானாக அடங்கியது.

சாயங்காலம் அவள் வார்டுக்குப் போனபோது அண்ணனிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அவன் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தான். வந்தவளைப் பார்த்துக் கேலியாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"எப்பலேர்ந்து?"

"போன குளிர்லேர்ந்து."

"என்னைக் குளிப்பாட்டியிருக்க, ஷேவ் பண்ணிவிட்டிருக்க, கழுத்துகிட்ட கத்தி வெச்சிருக்க." அவன் குரல் உயர்ந்தது. பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். "என் கால் செத்தது ஊருக்கே தெரியும். உன் கை செத்ததை எனக்குச் சொல்ல உனக்கு வாய் வரல. அப்படி என்னடி பாவம் பண்ணேன் நான்?"

'டி' போட்டு அவன் அவளைக் கூப்பிட்டுப் பல வருடம் ஆகியிருந்தது.

"சொல்லியிருந்தா வேலைக்குப் போக விட்டிருக்க மாட்டண்ணா."

"விட்டிருக்க மாட்டேன்தான்."

"அப்புறம் எங்க இருந்திருப்போம்?"

ஜன்னலுக்கு வெளியே விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. ஒரு தள்ளுவண்டி சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டு நடைக்கூடத்தைக் கடந்து போயிற்று. அவன் கையை நீட்டினான். "குடு."

அவள் கையைக் கொடுத்தாள். விபத்துக்குப் பிறகு டாக்டர்கள் அவன் கால்களில் குத்திக் குத்திக் கேட்டதைப் போலவே அவன் நகத்தால் அழுத்திக் கேட்டான். "இங்க?"

"தெரியல."

"இங்க?"

"இல்ல."

"பொய் சொல்லாத. இங்க?"

"சத்தியமா தெரியலண்ணா."

நகம் உள்ளங்கையைத் தாண்டி மேலே ஏறியது. மணிக்கட்டின் மடிப்பில் அழுத்தியபோது அவள் சுருக்கென்று மூச்சை இழுத்தாள்.

"இங்க தெரியுதா?"

"தெரியுது."

"அப்ப இதுவரைக்கும்தான் போயிருக்கு" என்றான். அந்த இடத்தை முழுக்கையாலும் பிடித்துக்கொண்டான். "இதுக்குமேல போக விடாத. இனிமே போகாத அந்தக் கிடங்குக்கு."

"காலையில உன்னை இல்லத்துக்கு அனுப்பணும். அதுக்கு முன்னாடி ராத்திரி ஷிஃப்ட் இருக்குண்ணா. நேரமாச்சு."

"போகாத."

"இன்னிக்கு மட்டும்."

அவன் விடவில்லை. லாரியை மலைப்பாதைகளில் திருப்பிய கைகள். அவற்றில் மட்டும் பலம் குறையவேயில்லை. அவள் எழுந்து நின்றாள். இழுத்துப் பார்த்தாள். பார்வை நேரம் முடிந்ததற்கான மணி அடித்தது. ஆட்கள் ஒவ்வொருவராகக் கிளம்பி வார்டு காலியானது. நர்ஸ் முதலில் வாயால் சொல்லிப் பார்த்தாள். பிறகு அருகில் வந்து, அண்ணனின் விரல்களை ஒவ்வொன்றாக அவள் மணிக்கட்டிலிருந்து பிரித்துவிட்டாள்.